மார்கழி சீசனில் டிக்கெட் இல்லாமல் என்னென்ன கேட்கலாம்? – கேள்வி பதில்

நவம்பர் கடைசியிலேயே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தினுசு: சென்னை இசை விழாவுக்கு வர ஆசை, டிக்கெட் விலைதான் கட்டுப்படியாகவில்லை, என்ன செய்யலாம்? மயிலாப்பூர்வாசி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், மார்கழி முழுக்க கச்சேரி நடத்தும் சபாக்களிலேயே பொழுதைக் கழிப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், நிஜமாகவே இலவசக் கச்சேரி இருக்கிறதா? அழைப்பிதழ் ஏதாவது வேண்டுமா?

நிஜமாகவே இருக்கிறதம்மா, நீங்கள் நினைப்பதைவிட நிறையவே. பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் என்பது சாயங்காலக் கச்சேரிகளுக்குத்தான். காலையிலும் மதியத்திலும் நடப்பவற்றுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அழைப்பிதழ் வேண்டாம், வாசலில் யாரும் நிறுத்தமாட்டார்கள். முன்வரிசை சில இடங்களை உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒதுக்கியிருப்பார்கள். நாற்காலியில் சீட்டு ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு உட்காருங்கள், அவ்வளவுதான்.

சில இடங்களில் சாயங்காலமும் கதவு திறந்தே இருக்கும். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன் நிகழ்ச்சிகள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இலவசம். லஸ் பக்கம் ராக சுதா ஹால் சின்ன இடம், ஆனால் நல்ல காது உள்ள ரசிகர்கள் கூடும் இடம். பெரிய மண்டபத்தில் இருபதாவது வரிசையில் கேட்பதைவிட அங்கே ஐந்தாவது வரிசையில் கேட்பது எனக்கு எப்போதும் உயர்வு.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: மதியம் பாடுகிறவர்கள் எல்லாம் ஜூனியர்கள்தானே? நேரம் செலவழித்து வரத் தகுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மதியக் கச்சேரி என்றால் ஏதோ ஒத்திகை என்று ஒரு நினைப்பு நம் ஊரில் இருக்கிறது. இன்றைக்கு இரவு மேடையில் நீங்கள் காசு கொடுத்துக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் மதியம் பாடி வந்தவர்கள்தான். சாயங்கால வித்வானுக்குப் பெயர் நிலைத்துவிட்டது, கொஞ்சம் சுமாராகப் பாடினாலும் கூட்டம் வரும். பன்னிரண்டு மணிப் பாடகிக்கு அந்த வசதி கிடையாது. கையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், அதற்குள் தன்னை நிரூபிக்க வேண்டும். அதனால் மாதக்கணக்கில் பாடிப் பாடிச் சாதகம் பண்ணிக்கொண்டு வருவார்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆயிரம் பேர் உட்காரக்கூடிய மண்டபத்தில் நாற்பது, ஐம்பது பேர் அங்கங்கே சிதறி உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் பாடகியின் உறவுக்காரர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பாட்டு, ராகம், தாளம் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டிருப்பார். வயலின்காரப் பையன் சுருதி சேர்த்துவிட்டு சபையை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பெண் தோடி ராகம் எடுத்து மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ச'வில், நின்றதும் நோட்டுப் பெரியவரின் பேனா நின்றுவிடும். "சபாஷ்" என்று அவர் சொல்வது மேடைவரைக்கும் கேட்கும், ஏனென்றால் கூட்டமே இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் பாட்டில் வருகிற தெம்பை நாமே கண்ணால் பார்க்கலாம். இரவு எட்டு மணிக் கூட்டத்தில் இது கிடைக்காது.

சரி, எல்லா மதியக் கச்சேரியும் அப்படியா என்றால், இல்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. பிடிக்காவிட்டால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து அடுத்த சபாவுக்குப் போய்விடலாம். காசு கொடுக்காததில் இருக்கிற சுதந்திரமே அதுதான்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டு ஆசிரியை: மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் லெக்டெம், அதாவது பாடிக் காட்டிப் பேசும் உரை, பற்றிக் கேள்விப்பட்டேன். வெளியாட்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம், அம்மா. என்னைக் கேட்டால் முழு சீசனிலும் இலவசமாகக் கிடைப்பதில் சிறந்தது அதுதான். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் அகாடமி பிறந்தது. ஆகவே அங்கே ஆராய்ச்சி மாநாடு என்பது கச்சேரிக்கு ஒட்டுப்போட்ட வால் அல்ல, ஆரம்பத்திலிருந்தே இருப்பது. அந்த ஆண்டு சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானவர்தான் காலை அமர்வுகளுக்குத் தலைமை வகிப்பார். ஒருவர் ஒரு ராகத்தையோ, பழைய சுவடியையோ, மறைந்த ஒரு வித்வானின் பாணியையோ எடுத்துக்கொண்டு பேசுவார், பாடியும் காட்டுவார். முடிந்ததும் நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள். சில நாள் அந்தக் கேள்வி நேரம்தான் உரையைவிடச் சுவாரசியம். பெரியவர்கள் ரொம்ப மரியாதையாகச் சண்டை போடுவார்கள்.

எட்டு மணி வாக்கில் தொடங்கிவிடும், கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் பாடிக் காட்டுவதற்கு மொழி வேண்டாமே.

தமிழிலேயே வேண்டும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு எழுந்த தமிழிசை இயக்கத்தின் வழியாக 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இடம் அது. டிசம்பர் விழாவை ஒட்டி அங்கே பண் ஆராய்ச்சியும் நடக்கும். தேவாரப் பண்களை ஓதுவார்கள் பாட, அவை இன்றைய எந்த ராகத்தோடு பொருந்தும் என்று பேசுவார்கள். பாட்டு சொல்லிக்கொடுக்கிற நீங்கள் அவசியம் ஒரு நாளாவது அங்கே போக வேண்டும்.

மதுரையிலிருந்து ஒருவர்: எனக்கு இரண்டு நாள்தான் லீவு. எப்படித் திட்டம் போடுவது?

முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. ஒரே நாளில் ஐந்து சபா என்று பட்டியல் போட்டால் நீங்கள் கேட்கப்போவது ஆட்டோ ஹாரன்தான். மெட்ரோ வேலையால் லஸ், மாட வீதிப் பக்கமெல்லாம் வழியைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். முதல் நாள் மயிலாப்பூரைச் சுற்றியே இருங்கள். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் மாட வீதிகளுக்கு நடந்தே வந்துவிடலாம்.

மார்கழி பிறந்த பிறகு, அதாவது டிசம்பர் 16 வாக்கிற்குப் பின் வருவதாக இருந்தால், விடிவதற்கு முன்பே கபாலீசுவரர் கோயில் மாட வீதிக்கு வந்துவிடுங்கள். தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் இந்த வீதிகளில் ஆண்டுக்கணக்கில் பஜனை நடத்திக்கொண்டு வந்தவர். அவர் வழியில் வந்தவர்கள் அதை இன்னமும் விடாமல் நடத்துகிறார்கள். மேடை, மைக் எதுவும் கிடையாது. முன்னால் போகிறவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். வாசலில் ஈரக் கோலத்தின்மேல் கால் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும், அது ஒரு தனி வித்தை. பாடத் தெரியாது என்று ஓரமாக நிற்காதீர்கள். ஒரு சுற்று முடிவதற்குள் வாய் தானாகவே முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் டிபன். எட்டு மணிக்கு அகாடமி லெக்டெம். பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி, கேன்டீனில் சாப்பாடு, அறைக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் பவன். இரண்டாம் நாள் அகாடமிக்குப் பதிலாக அண்ணாமலை மன்றம். இதுவே நிறைய.

அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா: ஐந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு சபாவுக்குப் போக முடியுமா?

போகலாம், ஆனால் பாவம் அவன். ஏசி மண்டபத்தில் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருவது பெரியவர்களுக்கே கஷ்டம். ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும் மயிலாப்பூர் திருவிழாவுக்கு அழைத்து வாருங்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் நடத்துவது, எல்லாம் திறந்தவெளி. காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகளே பாடுவார்கள், உங்கள் பையன் பின்னால் ஓடி விளையாடினாலும் யாரும் முறைக்கமாட்டார்கள். வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. வண்டிகளை நிறுத்திவிட்டு, தார் ரோட்டில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்துவிடுவார்கள். மாவுக் கிண்ணத்தோடு பாட்டியும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்து புள்ளி வைப்பார்கள். தாயக்கட்டை, பல்லாங்குழி மாதிரி விளையாட்டுகளும் உண்டு. பையனுக்கு அதுதான் பிடிக்கும்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணே, நேராகவே கேட்கிறேன். இந்தச் சபாக்களில் எங்களை மாதிரி ஆட்கள் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? எனக்குப் பறை, ஒயிலாட்டம்தான் பிடிக்கும்.

நேராகவே பதில் சொல்கிறேன், தம்பி. வாசலில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகலாம், பட்டு வேட்டி தேவையில்லை. ஆனால் உள்ளே இருக்கிற கூட்டம் ஒரே வட்டத்து ஆட்களாகத் தெரிகிறது என்பது உண்மை. அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. அந்தக் குறையை உள்ளே இருந்தவர்களே பேசியதால்தான் 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் அதில் முன்னின்றவர்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஏறின, ஊர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பிறகு அது சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது.

உங்களுக்கு ஏற்றது பொங்கலை ஒட்டி வரும் சென்னை சங்கமம். 2007-இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று அரசு மறுபடி எடுத்தது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று ஊர் முழுக்க மேடை போடுவார்கள். தென்மாவட்டத்துக் கரகம், தேவராட்டம், நையாண்டி மேளம் எல்லாம் வரும். எல்லாமே இலவசம். ஒரு யோசனை: மேடைக்கு நேர் எதிரே விருந்தினர் நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் போய் நில்லுங்கள். ஆட்டம் முடிந்து கலைஞர்கள் அந்தப் பக்கம்தான் இறங்கி வருவார்கள். பறையைத் தீயில் காய்ச்சுவதைப் பார்க்கலாம், நாலு வார்த்தை பேசலாம், அவர்கள் ஊர்த் திருவிழா எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரே ஒரு மதியக் கச்சேரிக்கும் வாருங்கள். மிருதங்கத்துக்காகவாவது வாருங்கள். தோல் வாத்தியம் பிடித்தவருக்குத் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, பிடிக்காமல் போகாது.

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர்: டிக்கெட் இல்லாதவர்களைக் கேன்டீனில் விடுவார்களா?

விடுவார்கள். கேன்டீனுக்காக மட்டுமே வருகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது, அவர்களுக்குக் கச்சேரி எங்கே நடக்கிறது என்றுகூடத் தெரியாது. சாப்பாடு இலவசம் இல்லை, ஞாபகம் இருக்கட்டும். இலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு மேல் போனால் வரிசை. பணத்தைப் பார்ப்பவராக இருந்தால் ஒரு கீரை வடை, ஒரு காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசோகா அல்வா இருந்தால் மட்டும் யோசிக்காதீர்கள்.

போரூரிலிருந்து ஒருவர்: எனக்கு ராகம் எதுவும் தெரியாது. எப்போது கைதட்டுவது, எப்போது எழுந்து போவது?

கைதட்டத் தோன்றினால் தட்டுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். எழுந்து போவதற்குத்தான் நேரம் காலம் உண்டு. இரண்டு பாட்டுக்கு நடுவில் போங்கள். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் காபிக்கு எழுந்து போவது இந்த ஊரின் பழைய கெட்ட பழக்கம். அதில் நீங்களும் சேராதீர்கள்.

ராகம் தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். கச்சேரி பெரும்பாலும் வர்ணம் என்கிற தொடக்கப் பாட்டில் ஆரம்பிக்கும், நடுவில் ஒரு பெரிய உருப்படி, அதாவது விரிவாகப் பாடும் பாட்டு, வரும், கடைசியில் சின்னச் சின்னத் துக்கடாக்கள், அப்புறம் மங்களம். இந்த அமைப்பை நிலைக்கச் செய்தவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். புதிதாக வருகிறவர்களுக்குத் துக்கடாப் பகுதி சுலபமாக ஒட்டும், அதில் தமிழ்ப் பாட்டும் நிறைய வரும். ஆகவே பாதியில் கிளம்பிவிடாதீர்கள்.

ஆவடியிலிருந்து ஒருவர்: போனில் பதிவு செய்யலாமா? நிகழ்ச்சி நிரல் எங்கே கிடைக்கும்?

பதிவு செய்யாதீர்கள். இருட்டில் உங்கள் திரை பின்னால் இருக்கிற பத்துப் பேர் கண்ணில் அடிக்கும். நிரல் ஒவ்வொரு சபாவின் இணையதளத்திலும் இருக்கும், வாசலில் அச்சடித்த தாளும் கொடுப்பார்கள். எது இலவசம் என்பதும் அதிலேயே இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது, கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருவதாக இருந்தால் படியா, லிஃப்டா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. குடை மறக்க வேண்டாம், டிசம்பர் மழையை நம்ப முடியாது.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒருவர்: இலவசக் கச்சேரியில் நாற்காலியில் கர்சீப் போட்டு இடம் பிடிப்பது செல்லுமா?

வர்ணம் முடிகிறவரைக்கும் செல்லும். அதற்கு மேலும் ஆள் வரவில்லை என்றால் நான் கர்சீப்பை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.