கராஜ் அண்ணை பதில்கள்: வீட்டு முத்தத்தில ஒயில் சொட்டு

இந்த மாசம் வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒயில் லீக்தான். ஏனெண்டு கேக்கத் தேவையில்லை, 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, பேந்து 2025 பெப்ரவரியில திறந்தும் வரியோட சேத்துப் பாத்தா புதுக்கார் எங்களுக்கு எட்டாத விலை, அப்ப எல்லாரும் கிடக்கிறதைத்தான் உருட்டினம், கிடக்கிறதுக்கும் வயசு போகுது.

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி: அண்ணை, என்னட்டை 1993 கொறோலா 100 நிக்குது, அப்பா வாங்கினது. காலமை எடுக்கேக்க கீழ உள்ளங்கை அளவுக்கு ஒயில் கிடக்கு. கராஜில காட்ட, கிராங்கின்ர (எஞ்சினுக்குள்ள சுத்துற தண்டு) பின்பக்க சீல் (ஒயிலைத் தடுக்கிற றப்பர் வளையம்) போட்டுது, கியர்பொக்ஸ் இறக்கோணும், அதோட கிளச் பிளேற்றும் மாத்துவம், எல்லாமா எண்பத்தையாயிரம் ரெடி பண்ணுங்கோ எண்டினம். செய்யட்டோ?

தம்பி, பொறுங்கோ. காசு எடுக்க முதல் ஒரு பழந்துணி, ஒரு சின்னப் பிரஷ், அரைப் போத்தல் மண்ணெண்ணெய், கொஞ்சம் முகப்பவுடர், ஒரு ரோச் லைற் எடுங்கோ. எஞ்சின் ஆறின பிறகு கியர்பொக்ஸ் பக்கத்தை மேலயிருந்து கீழவரைக்கும் மண்ணெண்ணெய் போட்டு வடிவாக் கழுவித் துடையுங்கோ, மண்ணெண்ணெய் வாசம் போகும்வரைக்கும் காயவிடுங்கோ, பிறகு பவுடரைச் சாடையாத் தூவிப்போட்டு ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடிட்டு வாங்கோ. இப்ப ரோச் அடிச்சுப் பாத்தா ஒயில் வாற வழி பவுடரில கோடு மாதிரித் தெரியும். அந்தக் கோட்டைக் கீழயிருந்து மேல பிடிச்சுக்கொண்டு போங்கோ, ஆக உயரத்தில நனைஞ்சு கிடக்கிற இடம்தான் ஊத்து. ஒயில் கீழ வடியும், ஓடேக்க காத்துக்குப் பின்னுக்கும் போகும், அதால சொட்டுற இடத்தையே ஊத்து எண்டு நினைச்சா பிழைக்கும்.

ஏன் உங்களுக்கு இதை நீட்டிச் சொல்லுறன் எண்டா, உந்த 100இல டிஸ்ரிபியூற்றர் (பிளக்குகளுக்குக் கறண்டைப் பிரிச்சுக் குடுக்கிற சாமான்) இருக்கிற இடம் எஞ்சின்ர மேல்பகுதியான ஹெட்டின்ர ஒரு முனையில, நேர கியர்பொக்ஸுக்கு மேல. அது ஹெட்டுக்குள்ள போற இடத்தில ஓ றிங் எண்டு ஒரு சின்ன றப்பர் வளையம் இருக்கு. முப்பது வருசச் சூட்டில அது கல்லு மாதிரி இறுகி, நகத்தால அமத்தினா படக்கெண்டு உடையும். அதால கசியிற ஒயில் ஹெட்டின்ர பக்கத்தால வழிஞ்சு, கியர்பொக்ஸ் பொருத்து வழிய இறங்கி, கடைசியாச் சொட்டுற இடம் அப்பிடியே பின்பக்க சீல் போனது மாதிரி இருக்கும். ஹெட்டுக்கு மேல இருக்கிற ரப்பெற் கவர் மூடியின்ர கஸ்கெற் (பொருத்துக்கு இடையில வைக்கிற அடைப்பு) போனாலும் அதே கதைதான். ஓ றிங்குக்குப் போற காசு ஒரு கொத்துரொட்டிக் காசுக்குள்ள முடியும், கழட்ட முதல் டிஸ்ரிபியூற்றர் நிண்ட இடத்தில ஒரு கோடு கீறி வைக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி ரைமிங் மாறி கார் இடிச்சு இடிச்சு ஓடும்.

இதில நான் ஒண்டும் பெரிய ஆள் இல்லை. வேலை பழகின காலத்தில ஒரு வாத்தியாற்ற காருக்கு இப்பிடித்தான் கியர்பொக்ஸை இறக்கிப்போட்டு, புதுச் சீல் அடிச்சு, எல்லாம் பூட்டி, கை கழுவிக்கொண்டு வந்து பாக்க நிலத்தில திரும்பவும் ஒரு சொட்டு. ரப்பெற் கவரின்ர பின்மூலையில இருந்து வந்தது. ரெண்டு நாள் கூலியை வாங்க வெக்கமாக் கிடந்தது, வாங்கேல்லை.

மெய்யாவே பின்பக்க சீல்தான் எண்டு கண்டால் கராஜ்காரர் சொன்னது சரி, அதில பிழை பிடிக்க ஏலாது. சீல் மலிவு, கியர்பொக்ஸ் இறக்கி ஏத்திற கூலிதான் காசு. இறக்கினது இறக்கினதுதான் எண்டு கிளச் பிளேற்றையும் அதோட போட்டால் இன்னொருக்கா அந்தக் கூலி குடுக்கத் தேவையில்லை. ஆனா பாட்ஸுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதி வாங்குங்கோ, கழட்டின பழைய சீலையும் கையில தரச் சொல்லுங்கோ. சீல் உரஞ்சின இடத்தில கிராங்கில பள்ளம் விழுந்திருக்கோ எண்டு விரல் நகத்தால தடவிப் பாக்கச் சொல்லுங்கோ, பள்ளம் இருந்தா புதுச் சீலைக் கொஞ்சம் உள்ளயோ வெளியவோ தள்ளி அடிக்கோணும், இல்லாட்டி ஆறு மாசத்தில திரும்பவும் என்னட்டைக் கடிதம் போடுவியள்.

மானிப்பாயில இருந்து இளைப்பாறின ஆசிரியர் ஒருவர்: என்னுடைய மொறிஸ் மைனர் 1098 எஞ்சின். மூன்று கராஜ் பார்த்துவிட்டார்கள், இன்னும் கிளச் பக்கத்தில் சொட்டுகிறது. ஒரு சொட்டும் ஒழுகாமல் செய்ய முடியாதா?

ஐயா, முடியாது. கராஜ்காரரில பிழை இல்லை, எஞ்சினைக் கீறினவையே அப்பிடித்தான் கீறினவை. உந்த எஞ்சினில கிராங்கின்ர பின்பக்கம் றப்பர் சீலே இல்லை, திருகாணி மாதிரி ஒரு புரி வெட்டியிருக்கு, கிராங் சுத்தேக்க அந்தப் புரி ஒயிலைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளும். எஞ்சின் நிண்டால் புரியும் நிக்கும், அப்ப மிஞ்சினது மெதுவா வெளிய வரும். அதாலதான் கிளச் கூட்டுக்குக் கீழ ஒரு ஓட்டை விட்டு அதுக்குள்ள ஒரு கம்பிப் பின்னைத் தொங்கவிட்டிருக்கினம், ஓட்டை அடைபடாமல் ஆடிக்கொண்டு நிக்க. ஆரும் அதை வேண்டாத சாமான் எண்டு கழட்டியோ சிலிக்கோன் வச்சு அடைச்சோ விட்டிருந்தால் ஒயில் கிளச்சில ஏறி ஏத்தத்தில வழுக்கும்.

ராத்திரிக்கு ரெண்டு மூண்டு சொட்டெண்டா விட்டிடுங்கோ. அதுக்கு மேல போனால் முதல்ல பாக்கவேண்டியது பிறீதர் குழாய். அது அடைச்சால் எஞ்சினுக்குள்ள வாற காத்துக்கு வெளிய போக வழி இல்லை, அந்தக் காத்து கண்ட கண்ட கஸ்கெற்றால எல்லாம் ஒயிலைத் தள்ளும். எஞ்சின் ஓடேக்க ஒயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்கோ, புகை குப்புக் குப்பெண்டு வந்தால் பிஸ்ரன் றிங் தேய்ஞ்சு போச்சு, அப்ப சீல் மாத்தி வேலை இல்லை, எஞ்சின் வேலைதான்.

எங்கட பக்கத்துப் பழைய எஞ்சினுகளுக்கு இன்னொரு வரலாறும் இருக்கெல்லோ. தொண்ணூறுகளில, போர்க்காலத்தில அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில ஓடினது, காலமை துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தினது, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரியாத மண்ணெண்ணெய் றிங்கால இறங்கி ஒயிலோட கலந்து தண்ணி மாதிரி ஆக்கும். ஒயில் தடியை இழுத்துப் பாத்திட்டு ஒயில் குறையேல்லை, கூடியிருக்கு எண்டு புழுகத்தில இருந்த ஆக்களும் உண்டு! பெயறிங் தேய்ஞ்சதெல்லாம் அந்தக் காலத்துக் கடன், இப்பவும் சிலது கட்டிக்கொண்டிருக்கு.

மொறிஸுக்குச் சம்ப் (எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு) கஸ்கெற்றும் எஞ்சின் பக்கத்து மூடியின்ர கோர்க் கஸ்கெற்றும் இங்கிலாந்தில இப்பவும் புதுசாக் கிடைக்குது, லண்டனில இருந்து ஆரும் வந்தா சூட்கேசில ஒரு மூலையில போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ, பாரமே இல்லை. ஒரு காலத்தில காலியில மொறிஸ் மைனருக்கு வெளிக்கூட்டுப் பாட்ஸ் அடிச்சு இங்கிலாந்துக்கே அனுப்பினவை, இப்ப நாங்கள் அங்கயிருந்து எடுக்கிறம்.

சாவகச்சேரி வாசகர்: ஸ்ரான்லி வீதியில ஒரு கடையில லீக் நிப்பாட்டுற போத்தல் ஒண்டு தந்தவை, ஒயிலோட ஊத்தினா சரியாம். நம்பலாமோ?

அரைவாசி நம்பலாம். அது இறுகின றப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும், அதால சின்னக் கசிவு கொஞ்ச நாள் நிக்கும். கோர்க், பேப்பர் கஸ்கெற்றுக்கு ஒண்டும் செய்யாது. கார் விக்கப்போற ஆக்கள்தான் கூட வாங்கினம் எண்டு நினைக்கிறன். அதைவிட மோசம் சிலிக்கோனை அள்ளி அப்பிறது, வெளிய பிதுங்கிறது கண்ணுக்குத் தெரியும், உள்ள பிதுங்கினது கழண்டு விழுந்து சம்பில இருக்கிற வலையை அடைச்சால் ஒயில் மேல ஏறாது, எஞ்சின் சுத்தாமல் இறுகிப் பிடிச்சுக்கொள்ளும்.

நல்லூரில இருந்து ஒரு தங்கச்சி: என்ர நிசான் ஓட்டோ கியர், போட்டிக்கோ மாபிளில சிவப்பா ஒழுகியிருக்கு. ஒயில் கறுப்பெல்லோ? கறையை எப்பிடி எடுக்கிறது?

தங்கச்சி, கறை பிறகு. சிவப்பெண்டால் கியர் ஒயில், இல்லாட்டி பவர் ஸ்ரியறிங் ஒயில். ஓட்டோ கியரில ஒயில் குறைய ஓடினால் கியர்பொக்ஸே போகும், அது கார் விலையில ஒரு துண்டு, இண்டைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கோ. ஒரு பழைய காட்போட் மட்டையைக் கீழ விரிச்சு, நாலு சில்லும் நிக்கிற இடத்தைப் பேனையால கீறி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்து மட்டையையும் கொண்டுபோனா மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். பச்சையோ றோசாவோ எண்டால் றேடியேற்றர் தண்ணி. சில்லுக்குக் கிட்ட மஞ்சளா, வழுவழுப்பா இருந்தால் பிறேக் ஒயிலா இருக்கலாம், காரை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டை கூப்பிடுங்கோ. ஏசி போட்டு வந்த பிறகு வெறும் தண்ணி சொட்டினால் பயப்பிடாதேங்கோ.

கறைக்கு அடுப்புச் சாம்பல் போட்டு ஒரு ராத்திரி விட்டுக் கூட்டி, சவுக்காரத்தூள் போட்டுத் தேயுங்கோ.

சுன்னாகம் வாசகர்: மாத்தின கழிவொயிலை வேலிக் கதியாலுக்கும் கறையானுக்கும் ஊத்திறனான். அயலட்டை கத்தினம்.

கத்தத்தான் வேணும். சுன்னாகத்தில இருந்துகொண்டு கிணத்துத் தண்ணியில ஒயில் வந்த கதையை நான் உங்களுக்குச் சொல்லோணுமோ? எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும், மேல ஊத்திறது கெதியாக் கீழ போய் பக்கத்து வீட்டுக் கிணத்தில நிக்கும். கானில அடைச்சு மூடி வச்சு, ஒயில் மாத்திற கராஜில குடுங்கோ, பெரிய பரல் வச்சிருக்கிற இடங்களில வாங்குவினம்.

பருத்தித்துறை வாசகர்: பழைய லான்சர் ஒண்டு பாக்கிறன். எஞ்சின் கண்ணாடி மாதிரிக் கிடக்கு, ஒரு ஒயில் பொட்டும் இல்லை. வாங்கட்டோ?

இருபத்தைஞ்சு வருச எஞ்சின் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் நேற்றுக் கழுவினதெண்டுதான் அர்த்தம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலமை ஏழு மணிக்கு, கார் எடுக்க முதல் போங்கோ. ஒயில் தடியை இழுத்துப் பாருங்கோ, பிளக் வயரைக் கழட்டி அந்தக் குழிக்குள்ள ஒயில் நிக்குதோ எண்டு பாருங்கோ, அரை மணித்தியாலம் ஓடிப்போட்டு வந்து புகைக்குழாய்ப் பக்கம் எரிஞ்ச ஒயில் மணக்குதோ எண்டும் பாருங்கோ. நீங்கள் போகேக்க அவர் காரை முதலே றோட்டில கொண்டுவந்து விட்டிருந்தால், வாய் வறளுது, ஒரு செம்பு தண்ணி தாங்கோ எண்டு படலைக்குள்ள போய் அவற்ற முத்தத்தைப் பாருங்கோ.