கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறேன், பெட்டிங் அக்கவுண்ட் முடங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் பதினொரு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. தை மாதம் அக்கா மகள் கல்யாணம். 41 நாள் பயணமாக, கொழும்பு வழியாகப் போகிறேன். இங்கே லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியில் ஃபுட்பால் பெட்டிங் அக்கவுண்ட் வைத்திருக்கிறேன். அதில் 640 பவுண்டு இருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் கட்டிய ஒரு பெட்டும் மே மாதம் வரை நிலுவையில் இருக்கிறது. போன வருடம் பாரிஸ் லா ஷப்பலில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன், அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். திறக்க ஒன்பது நாள் ஆனது. இந்த முறை விபிஎன் போட்டுக்கொள் என்கிறான் நண்பன். ரோமிங்கில் போனால் கண்டுபிடிக்க முடியாது என்கிறார் இன்னொருவர். திருச்சியில் சித்தப்பா மகன், தனக்கும் சேர்த்துக் கட்டச் சொல்கிறான். மனைவிக்கு இந்த அக்கவுண்ட் பற்றித் தெரியாது, வீட்டுக்குக் கடிதம் எதுவும் வந்துவிடக் கூடாது. ஆறு வாரம் கட்டாமல் இருக்கவும் முடியாது. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், ஈஸ்ட்ஹாம்

பதில்: முதலில் அந்த 640 பவுண்டை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிளம்புகிற அன்று ஹீத்ரோவில் உட்கார்ந்துகொண்டு எடுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். பெட்டிங் கம்பெனிகளின் வழக்கம் உங்களுக்கே தெரியும். பணம் போடும்போது அதிகம் கேட்க மாட்டார்கள், எடுக்கும்போதுதான் கேள்விகள் வரும். அந்தக் கேள்விகள் நீங்கள் ஈஸ்ட்ஹாமில், சொந்த வைஃபையில், பாஸ்போர்ட் மேசை மேல் இருக்கும்போது வரட்டும்.

பிரிட்டனில் 2019 மே மாதத்திலிருந்து, பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகே ஆன்லைனில் ஒருவரை விளையாட விடவேண்டும் என்பது விதி. உங்கள் அக்கவுண்ட் பழையது என்றால் அந்தச் சரிபார்ப்பு எப்படி நடந்தது என்று இப்போதே பாருங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். வங்கி கார்டில் இனிஷியல் முன்னால் வரும். பெட்டிங் அக்கவுண்டில் அவசரத்தில் வெறும் பெயரை மட்டும் போட்டிருப்போம். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியாது. நான் வங்கியில் கார்டு மோசடிப் பிரிவில் இருந்த காலத்தில் சந்தேகப் பட்டியலில் வந்து விழுகிற தமிழ்ப் பெயர்களில் பாதிக்கும் மேல் இந்த இனிஷியல் விவகாரம்தான். ஊருக்குப் போகுமுன் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே போய் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டியிருக்காது.

சரி, பாரிஸில் என்ன நடந்தது?

பிரிட்டன் லைசென்ஸ் பிரிட்டனில் இருக்கிற ஆளுக்குத்தான். அது உங்களோடு ரயில் ஏறி வராது. பிரான்ஸில் 2010 முதல் ஆன்லைன் ஸ்போர்ட்ஸ் பெட்டிங்குக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அது இல்லாத கம்பெனி அங்கிருந்து வருகிற பெட்டை வாங்கக் கூடாது. ஆகவே லா ஷப்பலில் நீங்கள் ஆப்பைத் திறந்ததும் தடுத்தது நியாயமான வேலை. பெரும்பாலும் அந்தத் தடை பெட் கட்டுவதற்கு மட்டும்தான் இருக்கும். நீங்கள் சும்மா விடாமல் நாலைந்து முறை முயன்றிருப்பீர்கள், பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், நண்பர் போனிலும் போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது திருடன் யாரோ புகுந்துவிட்டான் என்று எண்ணி முழு அக்கவுண்டையும் பூட்டுவார்கள். முதலாவது தடை நீங்கள் லண்டன் திரும்பியதும் தானாகப் போய்விடும். ஒன்பது நாள் தின்றது இரண்டாவது.

ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் இந்தத் தொழிலில் முக்கியம். நியூயார்க்கில் 2022 ஜனவரி வரை செல்போனில் பெட் கட்ட முடியாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் முடியும். அதனால் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைக் கடந்து, அக்கரையில் நின்று கட்டிவிட்டு அப்படியே திரும்புவார்கள். சைக்கிள் மிதித்துப் போனவர்களும் உண்டு. வேடிக்கையாக இருந்தாலும் அவர்கள் செய்தது சட்டப்படி சரி. உங்கள் நண்பர் சொல்கிற விபிஎன் இதற்கு நேர் எதிர். ஆள் அக்கரையில் இல்லாமலே இருப்பதாகக் காட்டுவது.

அந்த வேஷம் எப்படிக் கலையும் என்றும் சொல்கிறேன். விபிஎன் மாற்றுவது ஐபி முகவரியை, அதாவது நீங்கள் இணையத்துக்குள் நுழையும் இடத்தைக் காட்டும் எண்ணை மட்டும். ஐபி மான்செஸ்டர் என்கிறது. ஆப்புக்கு நீங்கள் கொடுத்த லொகேஷன் அனுமதி திருச்சி தில்லைநகர் என்கிறது. போனின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த அரை மணி நேரத்தோடு ஓடும் நாடுகள் உலகில் கொஞ்சம்தான். இதற்கு மேல், பல விபிஎன் சேவைகளின் ஐபி முகவரிகள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும். மோசடிப் பிரிவில் இருப்பவருக்கு, ஊருக்குப் போன வாடிக்கையாளர் சந்தேகத்துக்குரியவர் இல்லை. ஊருக்குப் போய்விட்டுப் போகவில்லை என்று காட்டுகிறவர்தான் சந்தேகத்துக்குரியவர். விபிஎன் பயன்படுத்தினால் பெட்டை ரத்து செய்வோம், ஜெயித்த பணத்தைத் தர மாட்டோம் என்று பெரும்பாலான கம்பெனிகளின் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். தோற்ற பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ரோமிங் சங்கதி சுவாரஸ்யமானது, ஏனென்றால் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பிரிட்டன் சிம்மில் ரோமிங் டேட்டா பயன்படுத்தினால் அது பெரும்பாலும் பிரிட்டன் நெட்வொர்க் வழியாகவே இணையத்துக்குப் போகும். ஐபியும் பிரிட்டனையே காட்டும். ஆக, ஆப் திறக்கலாம், பெட்டும் ஏறலாம். ஆனால் ஏறியதால் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. பெரிய தொகை ஜெயித்தால் அப்போதுதான் லொகேஷன் பதிவுகளை எடுத்துப் பார்ப்பார்கள். சின்னத் தொகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் “எனக்கு வேலை செய்தது” என்று பலரும் சொல்கிறார்கள்.

லண்டன் நண்பருக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்து, அவர் போனிலிருந்து கட்டச் சொல்லலாமே என்று உங்களுக்கு அடுத்துத் தோன்றும். அதுவும் வேண்டாம். அக்கவுண்ட் ஒருவருக்கு மட்டும் என்பதை எல்லாக் கம்பெனியும் விதியாகவே வைத்திருக்கிறது.

இனி திருச்சி. கம்பெனி விதியை மீறினால் பணம் போகும். இங்கே விஷயம் அதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதில் பெட்டிங்கும் அடக்கம். விளையாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது, பெட்டிங் மீதான தடையைத் தொடவில்லை. பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. அது நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர் ஆகியோரைத்தான் பிடிக்கிறது, ஆடுகிறவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. ஆனால் நீங்கள் போவது தமிழ்நாடு. இங்கே முதலில் சொன்ன சட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ பிரிட்டன் அக்கவுண்டோ அதிலிருந்து விலக்கு தராது.

தம்பி கேட்டதற்கு ஒரே பதில், முடியாது. அவர் ஜிபேயில் உங்கள் இந்தியக் கணக்குக்கு ரூபாய் அனுப்புவார், நீங்கள் பவுண்டில் கட்டுவீர்கள், ஜெயித்தால் திரும்ப ரூபாயில் கொடுப்பீர்கள். குடும்பத்துக்குள் கைமாற்று மாதிரித் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் அவருக்கு புக்கி, அதாவது பெட் வாங்கி நடத்துகிறவர். ஜெயித்தால்கூடப் பரவாயில்லை. தோற்றால் அந்த ரூபாய்க் கணக்கு சித்தி காதுக்குப் போகும், அதுவும் கல்யாண வீட்டில் போகும்.

மே மாதம் வரை நிற்கும் பெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அது நீங்கள் லண்டனில் இருந்தபோது கட்டியது. பொதுவாக அப்படியே நிற்கும். முடிவு தெரிந்ததும் தானாகத் தீர்வாகி அக்கவுண்டில் வந்து உட்காரும், அதற்காக நீங்கள் ஆப்பைத் திறக்க வேண்டியதில்லை. பெட் விவரம் உள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கம்பெனியின் சாட்டில் “41 நாள் வெளிநாட்டில் இருப்பேன், லாகின் செய்ய மாட்டேன், இந்த பெட் செல்லும்தானே?” என்று கேட்டு அந்தப் பதிலையும் சேமியுங்கள். பின்னால் தகராறு வந்தால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் செய்யவேண்டும். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் ஐபாஸ் போன்ற சுயேச்சையான தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வாடிக்கையாளருக்குச் செலவில்லை. கேம்ப்ளிங் கமிஷன் உங்களுக்காகப் பணத்தை வாங்கித் தராது, அது லைசென்ஸ் பார்க்கிற இடம். அவர்கள் எல்லோரும் கேட்கப்போவது எழுத்தில் உள்ள ஆதாரத்தைத்தான்.

பிரிட்டன் சிம்மை மட்டும் கையிலேயே வைத்திருங்கள். ஒருமுறை சென்னை விமான நிலையத்தில் நான் டாக்ஸிக்குக் கார்டைத் தேய்த்தேன், வங்கி மறித்து ஓடிபி அனுப்பியது. ஓடிபி வந்தது லண்டன் நம்பருக்கு. லண்டன் சிம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், பெட்டிக்குள், அம்மாவுக்கு வாங்கிய ஹார்லிக்ஸுக்குக் கீழே. பெட்டியை அங்கேயே திறந்து தேட வேண்டியதாயிற்று. கார்டு மோசடிப் பிரிவில் வேலை பார்த்தவன் கதை இது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. “ஆறு வாரம் கட்டாமல் இருக்கவும் முடியாது.” விபிஎன், ரோமிங், தம்பி எல்லாம் அந்த வரியிலிருந்துதான் வருகின்றன. லண்டனில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் திருச்சியில் இரவு எட்டரை. ரிசப்ஷன் உச்சத்தில் இருக்கும் நேரம். நீங்கள் தாய்மாமன். சீர்த் தட்டு உங்கள் பெயரில் வருகிறது, மேடைக்கு உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு கையில் போன், அதில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் விபிஎன், கேமராக்காரர் “மாமா, இந்தப் பக்கம் பாருங்க” என்கிறார். நீங்கள் அங்கே எந்தப் பக்கம் பார்ப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்களைக் குடிகாரரைப் போல நடத்த எனக்கு விருப்பமில்லை. மாதம் இருபது பவுண்டு கட்டி ஃபுட்பால் பார்க்கிறவர்கள் எனக்கும் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் மனைவிக்குத் தெரியாமல் கட்டுவதில்லை. கடிதம் வீட்டுக்கு வராமல் இருக்க வழி கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. அந்த 640 பவுண்டை எடுத்ததும் அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போகிற சமயத்தில் கையில் பணத்தோடு சொல்வது, முடங்கிய அக்கவுண்டைப் பற்றிக் கடிதம் வந்தபின் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்ற மொத்தக் கணக்கும் ஆப்பிலேயே இருக்கும். சொல்வதற்கு முன்னால் அதை நீங்கள் ஒருமுறை பாருங்கள். பார்க்கவே மனம் வரவில்லை என்றால் 0808 8020 133, தேசிய சூதாட்ட உதவி எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம். பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் கம்பெனிகளையும் ஒரேயடியாகப் பூட்ட கேம்ஸ்டாப் இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம், நடுவில் மனம் மாறினாலும் திறக்க முடியாது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் சின்ன வழி ஒன்று உண்டு. அக்கவுண்ட் முடங்காமல் இருக்க வழி கேட்டீர்கள், நான் சொல்வது நீங்களே முடக்குவது. பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய ஆன்லைன் கம்பெனிகள் ‘டைம் அவுட்’ கொடுத்தே ஆகவேண்டும். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், அல்லது நீங்கள் கேட்கிறபடி அதிகபட்சம் ஆறு வாரம். பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தபின், விமானம் ஏறுகிற அன்று காலை அதைப் போடுங்கள். லாகின் இல்லை, லொகேஷன் இல்லை, கொழும்பில் காத்திருக்கும்போது எட்டிப் பார்க்கும் ஆசையும் இல்லை. ஆறு வாரம் என்றால் 42 நாள், உங்கள் பயணம் 41. திரும்பி வந்து ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழும் வரை பூட்டு இருக்கும்.