நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரை குறையுமா?

தயவுசெய்து குடிக்க வேண்டாம். இந்தச் செடியின் கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. மடகாஸ்கரில் தோன்றி, இன்று வெப்பமண்டலம் முழுக்கத் தரிசிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கிறது. பல நாடுகளில் நீரிழிவுக்குக் கை வைத்தியமாகக் குடித்திருக்கிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைச் சோதிக்க எலிகளுக்கு இலைச்சாற்றைக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் வெள்ளை அணுக்கள் சரசரவென்று சரிந்தன. அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை அடிவாங்கியிருந்தது. அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் என்ற பொருளை 1958இல் பிரித்தெடுத்தார்கள். பின்னால் வின்கிரிஸ்டினும் வந்தது.

இரண்டும் புற்றுநோய் மருந்தாகப் பயன்படும் ஆல்கலாய்டுகள், அதாவது செடிகள் உருவாக்கும் நைட்ரஜன் கொண்ட சேர்மங்கள். கேதரந்தின், விண்டோலின் என்ற இரு மூலக்கூறுகளைச் செடி தன் செல்களுக்குள் ஒன்றாகப் பிணைத்து இவற்றை உருவாக்குகிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் குழல் உருவாகாது, செல் பிரிய முடியாமல் பாதியில் நின்று சாகும்.

வின்பிளாஸ்டினில் மெதில் என்ற சிறு அணுக்கூட்டம் இருக்கும் இடத்தில் வின்கிரிஸ்டினில் ஃபார்மில் என்ற வேறொன்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முன்னது மஜ்ஜையை அதிகம் தாக்கும், பின்னது நரம்புகளை. இந்தச் சின்ன மாற்றம் இவ்வளவு செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்!

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் பெரும் வரம். ஆனால் அது மில்லிகிராம் கணக்கில், சிரை வழியாக மட்டுமே ஏற்றப்படுகிறது. தவறி முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் உயிரே போகும். காய்ந்த இலையில் இவற்றின் அளவு மிகமிகக் குறைவு, அதுவும் செடிக்குச் செடி மாறும். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகள். கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பிணிகள் அறவே தொடக்கூடாது. சர்க்கரைக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.