ஆழ்கடலில் சின்ன எண்ணெய் வயல் கட்டுபடியாகுமா?

கட்டுபடியாகும், கிணற்றிலிருந்து வருவதைச் சுத்திகரித்து அனுப்பும் கடல் மேடையைத் தனியாகக் கட்டாவிட்டால். எங்கள் கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலைக்காரர் யாரும் சொந்தமாக ஃபேக்டரி கட்டுவதில்லை, பறித்த இலையை ஏற்கெனவே ஓடுகிற ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுகிறார், அதே கணக்குதான். கிணற்று வால்வுகளைக் கடல் தரையிலேயே வைத்து, குழாய் போட்டு, பழைய மேடையோடு இணைத்துவிடுகிறார்கள். காக்கிநாடாவுக்கு அப்பால், 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கும் ஆர் கிளஸ்டர் எரிவாயு வயலை அப்படித்தான் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த மேடையோடு சேர்த்து, 2020 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

சிக்கல் குளிர்தான். அடியில் தண்ணீர் 4 டிகிரி அளவில் இருப்பதால், இங்கே ஜனவரியில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, எண்ணெயிலுள்ள மெழுகு குழாயை அடைத்துவிடும். அதற்கு மின்சாரத்தால் சூடாக்கும் குழாய் வந்துவிட்டது. அப்புறம் கடலடிப் பம்பு. அழுத்தம் குறைந்த வயலையும் அது கைதூக்கிவிடுவதால், எனக்கு அதுதான் பெரிய விஷயம். பக்கத்தில் மேடையே இல்லையென்றால், வாடகைக்கு ஒரு மிதக்கும் உற்பத்திக் கப்பலை அமர்த்தலாம், வயல் வற்றியதும் அது வேறு இடத்துக்குப் போய்விடும்.