சின்னத்திரைக்குள் நுழைய: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். சீரியலில் உதவி இயக்குநராகச் சேர ஆசை. அதற்கென்று தனியாகப் படித்திருக்க வேண்டுமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: படிக்காமல் சேர்ந்து நன்றாக வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. படிக்க வசதி இருந்தால் இரண்டு அரசு நிறுவனங்களைச் சொல்லலாம். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. பட்டம் வாங்கிவிட்ட உங்களுக்குப் புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவே பொருத்தம். அங்கே நுழைவுத்தேர்வு உண்டு.

நேராகச் சேர்ந்தால், முதல் வாரமே உங்கள் தலையில் விழும் வேலை கன்டின்யூட்டி, அதாவது உடை, பொருள் எதுவும் காட்சிக்குக் காட்சி முரண்படாமல் பார்த்துக்கொள்வது. சீரியலைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. ஒரே வீட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம் மொத்தமாக முடித்துவிட்டுத்தான் இடம் மாறுவார்கள். கதாநாயகி வாசல் கதவைத் தட்டுவது இன்று, உள்ளே நுழைவது பத்து நாள் கழித்து என்று ஆகும். அதற்குள் தலையில் இருந்த மல்லிகை கனகாம்பரமாக மாறிவிட்டால் வீட்டில் பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காட்சி எண், கதையில் எத்தனையாவது நாள், சேலை, நகை, பொட்டு, பை எந்தத் தோளில், டம்ளரில் காபி எவ்வளவு என்று எழுதுங்கள். முன், பின், இரு பக்கம் என நான்கு படம் போனில் எடுத்து, அன்று இரவே காட்சி எண் போட்டுச் சேமித்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் காட்சியின் தொடக்கத்தில் மட்டும் படம் எடுப்பார்கள். காட்சி முடியும்போது முந்தானை இடுப்பில் செருகியிருக்கும். அடுத்த காட்சிக்கு வேண்டியது அந்தக் கடைசி நிலைதான்.

தமிழ் படித்தது உங்களுக்குப் பெரிய பலம். தமிழ் தெரியாத நடிகர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டிங் வேலையும் உதவி இயக்குநருடையதுதான். அதில் உணர்ச்சி காட்டாமல், வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து, சீரான வேகத்தில் சொல்ல வேண்டும். வாய்ப்புக் கேட்டுப் போவதற்கு முன் பத்து எபிசோடுகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இடம், பகலா இரவா, கதாபாத்திரங்கள், உடை, பொருள்கள் என்று காட்சி பிரித்து எழுதி, அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வருகின்றன. உள்ளூரிலிருந்தே லொக்கேஷன் வேலை (படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக் கொடுப்பது) பார்க்க முடியுமா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: முடியும். 1940களில் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியில்தான் இயங்கியது. அது சென்னைக்குப் போன பிறகும் இங்கே மிஞ்சியிருப்பவை வீடுகள். அந்த வீடுகளை அறிந்த ஆள் எந்த மேனேஜருக்கும் தேவை.

முதலில் உரிமை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். சாவி வைத்திருப்பவரின் தலையசைப்பை நம்பிக் குழுவை வரவழைத்தால், இரண்டாம் நாள் இன்னொரு பங்காளி வந்து கதவைப் பூட்டச் சொல்வார். எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள், வீட்டின் எந்தெந்தக் கட்டு (பகுதி), முன்பணம், சேதத்துக்கு யார் பொறுப்பு, அறைகளில் எவை திறக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக் கல்யாணத் தேதிகளைக் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

அடுத்து, வீட்டின் குணம். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) காலை ஒன்பது மணி வெயில் ஒரு தூணில் விழும், பதினொன்றுக்கு வேறு தூணுக்குப் போய்விடும். மணிக்கொரு முறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். ஒளிப்பதிவாளருக்கு இதைவிட உதவும் தாள் வேறில்லை. பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் செய்யும் டைல்ஸ்) பதித்த தரையும் குரலை எதிரொலிக்கும். கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் ஜமுக்காளமும் கம்பளியும் விரித்தால் பாதி குறையும். வளவில் புறா அடைகிறதா, கோயில் ஒலிபெருக்கி எந்த நேரம், ஜெனரேட்டர் வண்டி வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கும், மின்சாரம் ஒரு பேஸா மூன்று பேஸா, கழிப்பறை எத்தனை என்பதையும் எழுதுங்கள். 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் ஏறக்குறைய 3,000 வாட்டுக்கு மேல் மாட்டவிடாதீர்கள். பழைய வயரிங் சூடேறிவிடும்.

சேதம் பெரும்பாலும் தரையில்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகவிடுவது. எலுமிச்சை, புளி பட்டால் கறை பிடிக்கும். விளக்கு ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் குமிழ் போட்டு, டிராலிக்கு அடியில் பலகையும் துணியும் விரித்துவிட வேண்டும். பர்மா தேக்குத் தூணில் ஆணி, சுவரில் டேப் இரண்டையும் கண்டிப்பாகத் தடுங்கள். வீட்டை அப்படியே ஒப்படைக்கிறவரைத்தான் பங்காளிகள் மறுமுறை நம்புவார்கள்.

பழக்கவழக்கம் தெரிந்தவர் என்பதும் உங்கள் தகுதிதான். கழுத்துரு (நகரத்தார் பெண்களின் பெரிய தாலி) அன்றாடம் அணிவதல்ல, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களில் அணிவது என்பதை உடையலங்காரத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எடுத்த காட்சியைத் திரும்ப எடுக்கும் செலவு மிச்சமாகும்.

கேள்வி: ஏழு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சீரியல் கேமராவுக்கு மாற என்ன கற்க வேண்டும்? (காரைக்குடி வாசகர்)

பதில்: மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி என்று வையுங்கள். 1/60 வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும். இரண்டாவது, வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை மறந்துவிடுங்கள். வளவு வெயிலும் அறை விளக்கும் கலக்கும் இடத்தில் ஷாட்டுக்கு ஷாட் முகத்தின் நிறம் மாறிவிடும். மூன்றாவது, 180 பாகை விதி. பேசும் இருவருக்கு இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அதன் ஒரே பக்கம் நின்று எடுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் எடிட்டிங்கில் வெட்டி ஒட்டும்போது தெரியும். நாலாபுறமும் சுற்றி எடுத்த கைக்கு இதுதான் கடினம். கார்டில் உள்ளதை இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகே அழிக்கவும்.

கேள்வி: வாய்ப்பு வாங்கித் தருவதாக ஒருவர் 50,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (புதுவயல் வாசகி)

பதில்: வேண்டாம். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார், பணம் வாங்கமாட்டார். சங்க உறுப்பினர் கட்டணம் என்று சொன்னால் அந்தச் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் கட்டி ரசீது வாங்குங்கள். நேர்காணலைப் பகலில், அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக உதவி இயக்குநர். அடுத்த படிக்கு எப்படிப் போவது? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அரை மணி நேர இடத்துக்கு நிகழ்ச்சி ஏறக்குறைய 22 நிமிடம், மீதி விளம்பரம். கையில் எத்தனை எபிசோடு இருப்பு இருக்கிறது என்பதுதான் தயாரிப்பாளரின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. வியாழக்கிழமை ரேட்டிங் (எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு) வந்ததும் கதை மாறும், எழுதிய காட்சி போகும். அந்த நேரத்தில், இருக்கிற நடிகர், இருக்கிற வீடு, மிச்சமுள்ள வெளிச்சம் மூன்றையும் வைத்து மாற்று அட்டவணையைப் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுப்பவரிடம்தான் இரண்டாம் யூனிட்டை (அதே சீரியலுக்குத் தனியாகக் காட்சி எடுக்கும் இன்னொரு குழுவை) ஒப்படைப்பார்கள். இன்றிலிருந்தே நாள்தோறும் எத்தனை காட்சி திட்டம், எத்தனை முடிந்தது, எங்கே நேரம் போனது என்று எழுதி வாருங்கள். மேக்கப்பில் நாற்பது நிமிடம் தினமும் போகிறதென்று தெரிந்தால், அந்த நடிகரின் காட்சியை இரண்டாவதாகத் தள்ளிப் பாருங்கள்.