நான் கூப்பிட்டது ஒரு பெயரை மட்டும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் என் அக்கா மகள். அக்கா இறந்தபோது அவளுக்கு 12 வயது. அன்றிலிருந்து எங்களோடுதான் வளர்கிறாள்; என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். சின்னவள் நான் பெற்றவள். இருவருமே 800 மீட்டர் ஓடுகிறார்கள். விடியற்காலையில் அக்கா பின்னால் மைதானத்துக்குப் போய்ப் போய்த்தான் சின்னவள் ஓடவே கற்றாள்.

சென்ற மாதம் திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி. வேறு வேறு கல்லூரிக்காக ஒரே இறுதிப் போட்டியில் இருவரும் ஓடினார்கள். காலையில் இருவர் பனியனிலும் எண் அட்டையை நான்தான் மாட்டிவிட்டேன், முன்னால் நான்கு ஊக்கு, பின்னால் நான்கு.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது பெரியவள் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். கடைசி நேர்ப்பாதையில் சின்னவள் நெருங்கினாள். நான் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். கோட்டுக்குச் சற்று முன்னால் அவள் அக்காவைத் தாண்டிவிட்டாள். சின்னவளுக்கு வெண்கலம், பெரியவளுக்கு நான்காம் இடம். முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிய பெரியவள் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தாள். அப்போதும் என் வாயில் சின்னவளின் பெயர்தான் இருந்தது.

வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. ஆனால் அவள் தட்டை அவளே கழுவுகிறாள். அவள் துணியை அவளே துவைக்கிறாள். போன வாரம் இன்னொரு போட்டிக்குக் கிளம்பும்போது ஊக்கு டப்பாவை எடுத்தேன். “தோழி குத்திவிடுவாள் சித்தி, உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றாள். எட்டு ஆண்டுகளாக வளர்த்தும் என் மனதுக்குள் அவள் வேறுதானா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கூச்சலை வைத்து எட்டு ஆண்டுகளை எடை போட முடியாது. ஓட்டத்தின் முடிவில் நம் கண் முந்தி வருகிறவர் மீதுதான் ஒட்டிக்கொள்கிறது. குரலும் அங்கேயே போய்விடுகிறது. பெற்ற வயிறும் சேர்ந்து கத்தியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது குற்றமல்ல. ஆனால் அவளுக்கு வலித்தது என்பதும் உண்மை. நீங்கள் பேச வேண்டியது அந்த வலியைப் பற்றித்தான்.

கவனத்தைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1959இல் நெவில் மோரே என்பவர், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கும்படி சொல்லிவிட்டு, மற்றக் காதில் அவரவர் பெயரை ஒலிக்கச் செய்தார். அந்தக் காதில் வந்த வேறு சொற்கள் எதுவும் பதியாத நிலையிலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் பெயரை மட்டும் கேட்டுவிட்டார்கள். சொந்தப் பெயருக்கு அவ்வளவு வலிமை. அன்று அவளுக்கு நன்கு பழகிய ஒரு குரல் கேட்டது, அதில் அவள் பெயர் இல்லை. அம்மாவை 12 வயதில் இழந்த பிள்ளைக்கு அந்தக் காது எப்போதும் விழித்தே இருக்கும்.

தட்டைக் கழுவுவதைக் கோபம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அவள் தன்னை விருந்தாளியாக்கிக்கொள்கிறாள். எனக்குக் கவலை தருவது அதுதான். கோபித்துக்கொண்டு கதவை அறைந்திருந்தால் நான் நிம்மதி அடைந்திருப்பேன்.

ஆகவே தள்ளிப்போடாமல் இன்றே பேசுங்கள். “அன்றைக்கு நான் தங்கச்சி பெயரை மட்டும் கூப்பிட்டேன். உன் காதில் விழுந்திருக்கும். வலித்திருக்கும்.” இவ்வளவு போதும். “ஆனால் எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்” என்று மட்டும் தொடராதீர்கள். அந்த ‘ஆனால்’ அவள் வாயை அடைத்துவிடும். அவள் பேசாமல் எழுந்து போனாலும் போகட்டும். பதில் சில நாள் கழித்து வரலாம்.

சின்னவளைத் தூது அனுப்பவும் வேண்டாம். அக்காவைத் தாண்டி வாங்கிய பதக்கத்தை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்த்தீர்களா? அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தால், வெளியே எடுத்து மாட்டுங்கள். அவள் நன்றாக ஓடித்தான் வாங்கினாள்.

அடுத்த போட்டியில் ஈடுகட்டுவதற்காகப் பெரியவள் பெயரை மட்டும் கத்தினால் அதையும் அவள் கண்டுகொள்வாள். அதைவிட, என்ன கேட்க விரும்புகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். சிலருக்குப் பெயர் வேண்டும், சிலருக்கு நேரம் எத்தனை நொடி என்று தெரிந்தால் போதும், சிலருக்கு யாரும் கத்தாமல் இருந்தாலே நிம்மதி. நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். 800 மீட்டரில் கால் கனக்கத் தொடங்குவது மணி அடித்த பிறகு வரும் 200 மீட்டரில். அது முடியும் இடம், மைதானத்தின் எதிர்ப்புறத்தில் கடைசி வளைவு தொடங்கும் இடம். கூட்டமெல்லாம் கோட்டருகே இருக்கும். எதிர்ப்புறத்தில் அனேகமாக யாரும் இருப்பதில்லை. வேலிக்கு வெளியே அங்கே போய் நில்லுங்கள். இருவருமே உங்களைக் கடந்துதான் போக வேண்டும்.

போட்டி நாள் காலையில் ஊக்கு டப்பாவை மேசை மேல் திறந்து வையுங்கள். முன்பக்கத்து எண்ணை அவளே மாட்டிக்கொள்வாள். பின்பக்கத்துக்கு இன்னொரு கை வேண்டும்; நீங்கள் அந்த அறையிலேயே இருங்கள்.