பிளாக் டேங்க்கை எப்போது திறப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிரெய்லர் வீட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் படுக்கை, அடுப்பு, ஜன்னல் திரை பற்றியெல்லாம் ஆசையாக விசாரிப்பார்கள். அடியில் கழிவுத் தொட்டி என்று ஒன்று தொங்குவது இரண்டாவது பயணத்தில்தான் நினைவுக்கு வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்ததால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதையே மொத்தமாக எடுத்துக்கொண்டேன். புதியவர்களுக்கு ஒரு வரி: டாய்லெட் கழிவு விழுவது பிளாக் டேங்க், ஷவர், வாஷ்பேசின், சமையலறைத் தொட்டித் தண்ணீர் விழுவது கிரே டேங்க். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு உண்டு, பெரும்பாலான வண்டிகளில் வெளியே போகிற வாய் மட்டும் ஒன்றுதான். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை அப்புறம் படிக்கலாம்.

கேள்வி: ஒரே இடத்தில் பத்து நாள் தங்கினோம். கழிவுக் குழாய் இணைப்பு பக்கத்திலேயே இருந்ததால் ஹோஸை மாட்டி இரண்டு வால்வுகளையும் திறந்தே விட்டுவிட்டோம். கடைசி நாளில் டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவே இல்லை. திறந்திருக்கும் டேங்க் எப்படி அடைத்துக்கொள்ளும்?

திறந்திருந்ததால்தான் அடைத்துக்கொண்டது. பிளாக் டேங்க் என்பது கிட்டத்தட்டத் தட்டையான அடிப்பாகம் உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வால்வு திறந்தே இருந்தால் தண்ணீர் விழுந்த வேகத்தில் வழிந்து ஓடிவிடும், திடக் கழிவும் காகிதமும் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று என்று டாய்லெட் குழாய்க்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பும். பத்து நாளில் அது குழாயின் வாயைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இனிமேல் பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரமும் வேகமும்தான் திடப்பொருளை அடித்துக்கொண்டு போகிறது. கால் டேங்க் தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாது. கிளம்பும் நாள் வந்துவிட்டது, டேங்க் பாதிதான் இருக்கிறது என்றால் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுத் திறக்க வேண்டியதுதான்.

இப்போது ஆகிவிட்ட அடைப்புக்கு என்ன வழி? கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக், தொட்டிச் சுவரில் சென்சார் முனைகளும் நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பிடித்த பாத்திரத்தை என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம் இல்லையா, இதுவும் அதேதான். வால்வை மூடுங்கள், டாய்லெட் வழியாகத் தண்ணீர் போகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், டேங்க் கழிவுக்கென்றே விற்கும் என்சைம் மருந்தை அதன் மேல் எழுதியிருக்கும் அளவுக்குச் சேருங்கள், இரண்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள். முதல் நாள் ஒரு குவளைத் தண்ணீர்கூட இறங்காது, மறுநாள் கொஞ்சம் இறங்கும், அதுவே நல்ல அறிகுறி. ஓரளவு நிறைந்ததும் டிரெய்லரைச் சிறிது தூரம் ஓட்டிக்கொண்டு போய், கழிவு கொட்டுவதற்கென்றே இருக்கும் இடத்தில் கொட்டுங்கள், சாலையின் குலுக்கல் நன்றாகவே வேலை செய்யும். ஒரே தடவையில் எல்லாம் வராது, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: முதல் தடவை கொட்டும்போது மூடியைக் கழற்றிய உடனே கால் மேலெல்லாம் கொட்டிவிட்டது! வால்வு மூடித்தான் இருந்தது. எங்கே தப்பு செய்தேன்?

உங்கள் மேல் தப்பில்லை, வால்வின் மேல்தான். இந்த வால்வுக்குள் இருப்பது ஒரு தகடு. கைப்பிடியை இழுத்தால் தகடு நகர்ந்து வழி திறக்கும், தள்ளினால் மூடும். தள்ளும்போது ரப்பர் ஓரத்தில் ஒரு துண்டு காகிதம் சிக்கினாலே போதும், முழுதாக மூடாது. அந்த மயிரிழை இடைவெளியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வால்வுக்கும் வெளி மூடிக்கும் நடுவில் இருக்கும் குழாயில் வந்து நின்றுகொண்டிருக்கும். நீங்கள் மூடியைத் திருகியதும் அது அத்தனையும் உங்கள் செருப்பின் மேல்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. அதனால் இப்போது மூடியைத் திறக்கும்முன் கீழே ஒரு பழைய வாளி வைப்பது, நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது, மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி ஏதாவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைத் திருப்புவது என்று ஆகிவிட்டது. கழிவு வாயில் திருகி மாட்டுகிற இரண்டாவது வால்வு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டால் மூடிக்குப் பின்னால் நிற்கும் கழிவை, ஹோஸ் இணைத்த பிறகே திறந்துவிடலாம். வாங்கி வைப்பதில் தவறில்லை.

சரி, முழு வேலையையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கிளவுஸ் போட்டுக்கொண்டு ஹோஸின் மறுமுனையை முதலில் கழிவுக் குழியில் நன்றாகச் செருகி, நழுவாமல் இருக்க மேலே ஏதாவது பாரம் வையுங்கள். ஹோஸுக்குள் கழிவு வேகமாக வரும்போது அது பாம்பு மாதிரி எகிறும், பாரம் வைக்காதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்புறம் டிரெய்லர் பக்கம் மாட்டுங்கள், ஹோஸ் முனையில் இருக்கும் கொக்கிக் காதுகள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று இழுத்துப் பாருங்கள். முதலில் பிளாக். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, டேங்க்கைக் கழுவி, பிளாக் வால்வை மூடிய பிறகு கிரே வால்வைத் திறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் வந்து ஹோஸை ஓரளவு அலசிவிடும், அதற்காகத்தான் இந்த வரிசை. முடிந்ததும் டிரெய்லர் பக்கத்து முனையை முதலில் கழற்றி உயரத் தூக்கி, உள்ளே இருப்பதைக் குழியை நோக்கி வடியவிட்டுவிட்டு மற்ற முனையை எடுங்கள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், பின்னால் நாலு வண்டி வரிசையில் நிற்கிறதே என்று இந்த இடத்தில் பறந்தவர்கள்தான் தரையை நனைத்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: கொட்டி முடித்த பிறகும் பிளாக் டேங்க் மீட்டர் மூன்றில் இரண்டு என்றே காட்டுகிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் சென்சார் என்பது தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் பதித்த உலோக முனைகள்தான். தண்ணீர் எந்த முனையைத் தொடுகிறதோ அதுவரை மின்சாரம் கடந்து விளக்கு எரிகிறது. ஒரு ஈரக் காகிதம் அந்த முனையில் அப்பிக்கொண்டிருந்தாலும், சுவரில் வழவழப்பாகக் கழிவு படிந்திருந்தாலும், தண்ணீர் இருப்பதாகவே அது நம்பிவிடும். நன்றாகக் கழுவினால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. நான் மீட்டரைப் பாதிதான் நம்புவேன். டாய்லெட்டின் அடியைத் திறக்கும் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அழகான காட்சி இல்லைதான். இன்னொரு அடையாளம் காது: கிட்டத்தட்ட நிறைந்த டேங்க்கில் ஃபிளஷ் செய்தால் களக் களக் என்று காற்றுக் குமிழி மேலே வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் டிரெய்லரில் டேங்க் கழுவ வெளியே ஒரு தண்ணீர் இணைப்பு இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்? வால்வை மூடி நிரப்பிவிட்டுத் திறந்தால் நன்றாகக் கழுவும் என்கிறார்களே?

நன்றாகத்தான் கழுவும், குழாயடியை விட்டு நகராமல் இருந்தால்.

நான் ஒருமுறை வால்வை மூடி, தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டே நிமிஷம் என்று ஒரு போன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது டிரெய்லர் கூரையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. டேங்க் நிறைந்து, கூரைக்குப் போகும் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வழிந்துவிட்டது. அதிலும் எனக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். டாய்லெட் வழியாகப் பொங்கி அறைக்குள் வந்திருக்கலாம், அழுத்தத்தில் டேங்க்கே வெடிப்பு விட்டிருக்கலாம்.

ஆகவே கணக்குப் போட்டுச் செய்யுங்கள். அந்தக் குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிஷம் என்றால் 150 லிட்டர் டேங்க் காலியிலிருந்து நிறையக் கால் மணி நேரம். நீங்கள் ஐந்து நிமிஷம் மட்டும் விட்டுத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு. அது போதும், ஆபத்தும் இல்லை. இப்படி மூன்று நான்கு தடவை. எப்போது நிறுத்துவது என்பதற்கு ஹோஸின் ஆரம்பத்தில் மாட்டும் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வளைவுக் குழாய் ஒன்று வாங்கிவிடுங்கள், எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று முகம் சுளித்தாலும் தண்ணீர் தெளிந்து வருவதை அதில்தான் பார்க்க முடியும். வால்வைத் திறந்தே வைத்துக் கழுவினால் நேரக் கணக்கு வேண்டாம், ஆனால் மூலையில் ஒட்டியிருப்பது அவ்வளவாக வராது.

கழுவுவதற்கு வைத்திருக்கும் ஹோஸ் தனி, குடிதண்ணீர் பிடிக்கும் ஹோஸ் தனி. இரண்டும் ஒரே பெட்டியில்கூட இருக்க வேண்டாம், நிறமும் வேறாக இருந்தால் தூக்கக் கலக்கத்திலும் மாறாது. கொட்டும் இடத்தில் இருக்கும் குழாயில் குடிக்கத் தண்ணீர் பிடிக்காதீர்கள், உங்களுக்கு முன்னால் வந்தவர் தன் கழிவு ஹோஸை அந்த வாயிலேயே வைத்துக் கழுவியிருப்பார்.

கேள்வி: பிளீச் ஊற்றலாமா? ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் சுத்தமாகும் என்பது உண்மையா?

பிளீச் வேண்டாம். சிறுநீரிலிருந்து உருவாகும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சுக்குழாயை எரிக்கும் குளோரமின் வாயு கிளம்பும். வால்வின் ரப்பருக்கும் நல்லதில்லை, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய மருந்துகளையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். செப்டிக் டேங்க்கில் போய்ச் சேரும் இடங்களில் அங்குள்ள பாக்டீரியாவும் சாகும்.

ஐஸ் தண்ணீரில் மிதக்கும். அழுக்கு இருப்பது அடியில். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் மருந்துக்குச் செலவழிப்பதில் பாதியைத் தண்ணீருக்குச் செலவழியுங்கள். கொட்டிய உடனே டேங்க்கில் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி வைப்பது, ஒவ்வொரு முறையும் தாராளமாக ஃபிளஷ் செய்வது, இவை இரண்டும் இல்லாத டேங்க்கை எந்த மருந்தும் காப்பாற்றாது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கஞ்சத்தனம் செய்கிறவர்களிடமிருந்துதான் அடைப்புக் கடிதங்கள் அதிகம் வருகின்றன. காகிதத்துக்கு ஒரு சோதனை: நாலு தாளைத் தண்ணீர் உள்ள ஜாடியில் போட்டு மூடிக் குலுக்குங்கள். நார் நாராகக் கரைந்தால் சரி, முழுசாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தக் காகிதம் வேண்டாம். ஈரத் துடைப்பான்கள், உறையில் என்ன எழுதியிருந்தாலும், குப்பைக் கூடைக்குத்தான்.

கேள்வி: டேங்க்கைக் கழுவியாயிற்று, மருந்தும் போட்டாயிற்று, ஆனாலும் நாற்றம் போகவில்லை.

பாத்ரூம் கூரை விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிளஷ் செய்கிறீர்களா? விசிறி அறையின் காற்றை வெளியே இழுக்கிறது, அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், நீங்கள் மிதியை அழுத்திய நொடியில் அது டேங்க்கிலிருந்து வருகிறது. விசிறியை நிறுத்திவிட்டு ஃபிளஷ் செய்து பாருங்கள். டாய்லெட் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் வாயுவைத் தடுக்கும் பூட்டு. நிற்காமல் இறங்கிவிட்டால் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது.

அதுவும் இல்லையென்றால் பிளாக் டேங்க்கைச் சந்தேகப்படுவதை நிறுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் சேர்ந்த கிரே டேங்க் பல சமயம் அதைவிட மோசமாக நாறும். வண்டி சில வாரம் சும்மா நின்றிருந்தால் வாஷ்பேசின், சமையலறைத் தொட்டி, ஷவர் ஆகியவற்றுக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாயின் தண்ணீர் வற்றி, வாயு நேராக மேலே வரும். இவை ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கேள்வி: நிறைந்த டேங்க்கோடு நீண்ட தூரம் ஓட்டலாமா?

கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அது அச்சுக்குப் பின்னால் தொங்கினால் டிரெய்லரின் மூக்கு லேசாகி வால் ஆட ஆரம்பிக்கும். குலுக்கலுக்கென்று சொன்னேனே, அது பக்கத்தில் இருக்கும் கொட்டும் இடம்வரைதான்.

கேள்வி: இந்த வேலையை யார் செய்வது என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் சண்டை. கணவர் ஆரம்பிப்பார், பாதியில் என்னைக் கூப்பிடுவார். நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

குடும்ப வழக்கில் தலையிட மாட்டேன். ஆனால் பாதியில் ஆள் மாறுவதை மட்டும் நிறுத்துங்கள். வால்வைத் திறந்தவரே மூடட்டும், மூடியவரே மூடியையும் திருகட்டும். அவர் மூடியிருப்பார் என்று நீங்களும், நீங்கள் மூடியிருப்பீர்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டு ஹோஸைக் கழற்றினால் என்ன ஆகும் என்று இரண்டாவது கேள்வி கேட்டவரிடம் விசாரியுங்கள். அவர் செருப்பையே மாற்ற வேண்டியிருந்ததாம்.